பேனர் பக்கமும் பேர் தெரியாத ஓவியர்களும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கலாமா மக்கா? இது என்னோடது இல்ல, கம்ப்யூட்டரோட கொசுவத்தி.

பேனர்னா நமக்கு ஃப்ளெக்ஸ்தான் ஞாபகம் வரும். பழைய கம்ப்யூட்டர்காரங்களுக்கு அது வேற சமாச்சாரம்.

1959-ல ஐபிஎம் 1401 கம்ப்யூட்டரோட 1403-ங்கிற லைன் பிரிண்டரும் வந்துச்சு. எழுத்து அச்சுகள் கோர்த்த ஒரு சங்கிலி பேப்பருக்கு முன்னாடி குறுக்கால ஓடிக்கிட்டே இருக்கும். வேண்டிய எழுத்து சரியான இடத்துக்கு வர்றப்போ, பின்னாலருந்து ஒரு குட்டி சுத்தியல் பேப்பரைத் தட்டும். வரிக்கு 132 எழுத்து, நிமிஷத்துக்கு 600 வரி. 66 வரி கொண்ட ஒரு பக்கம் ஏழு செகண்டுக்குள்ள முடிஞ்சிடும்! ஓரத்துல ஓட்டை போட்ட மடிப்புப் பேப்பர் கத்தை கத்தையா வந்து விழும்.

பல பேரோட வேலை ஒண்ணு பின்னால ஒண்ணா ஓட ஆரம்பிச்சதும் ஒரு சிக்கல். யாரோட கத்தை எங்க முடியுது? ஆபரேட்டர் கிழிச்சுப் பிரிக்கணுமே! அதுக்காக ஒவ்வொரு வேலைக்கும் முன்னாடி உரியவர் பேரை ராட்சச எழுத்துல தனிப்பக்கமா அடிச்சாங்க. அதுதான் பேனர் பக்கம். சின்ன எழுத்துக்களை அடுக்கி அடுக்கி ஒரு பெரிய எழுத்து. நம்ம புள்ளிக்கோலம் மாதிரின்னு வெச்சுக்குங்களேன்.

எழுத்தை அடுக்கினா எழுத்து வருதுன்னா, படம் வராதா? வந்துச்சு. முற்றுப்புள்ளி வெளிச்சம், 'எம்' இருட்டு. இன்னும் கருப்பா வேணும்னா அதே வரி மேல திரும்ப அடிக்கணும். ஃபோர்ட்ரான்ல வரியோட முதல் இடத்துல கூட்டல் குறி போட்டா பேப்பர் நகராது. முந்தின வரி மேலயே அடுத்ததும் விழும். நிழல் தயார்!

ஆனா இன்ச்சுக்குக் குறுக்கால 10 எழுத்து, நெடுக்கால 6 வரிதான். கணக்குப் பண்ணாம வட்டம் போட்டா முட்டைதான் வரும். துளை அட்டையில 80 எழுத்துதான் கொள்ளும்கிறதால, முழு அகலப் படம்னா ஒரு வரிக்கே ரெண்டு அட்டை. அவ்வளவு மெனக்கெட்டுத்தான் அமெரிக்கக் கம்ப்யூட்டர் அறைகளுக்கு ஸ்னூபி நாய்க்குட்டி காலண்டர்களைக் கொண்டுவந்தாங்க.

1966-ல பெல் லேப்ஸ்ல லியோன் ஹார்மனும் கென் நோல்டனும் ஒரு போட்டோவைக் குறியீடுகளா மாத்திப் பெரிய படமாக்கினாங்க. 1967-ல நியூயார்க் டைம்ஸ் அதை வெளியிட்டுச்சு. 1984-ல ப்ரோடர்பண்ட் கம்பெனியோட 'தி பிரிண்ட் ஷாப்' வந்தப்போ, டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இருந்த வீடுகள்ல பேனர் பிறந்தநாள் தோரணமாவே ஆயிடுச்சு. எழுத்தைப் பக்கவாட்டுல திருப்பி அடிச்சா, பேப்பர் தீர்ற வரைக்கும் நீட்டிக்கிட்டே போகலாமே! அதை எழுதின டேவிட் பால்சம், மார்ட்டின் கான் பேரும் பதிவாகியிருக்கு.

காலண்டர் போட்டவங்க பேர்? அட்டைக்கட்டு கைமாறிக் கைமாறிப் போனதுல பெரும்பாலும் உதிர்ந்துடுச்சு. கொடுமை என்னன்னா, பேரை மட்டுமே கொட்டை எழுத்துல சொன்ன பேனர் பக்கம் கிழிச்ச உடனே குப்பைக்குப் போச்சு. ஆசை ஆசையா சுவத்துல ஒட்டி வெச்ச படத்துல பேரே இல்ல.

உங்க வீட்டுப் பரண்ல ஓட்டை போட்ட பேப்பர்ல ஒரு எழுத்துப்படம் சிக்கினா, பழைய பேப்பர்காரர் எடைபோடுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் பாருங்க. யார் போட்டதுன்னு வீட்ல யாருக்காவது தெரிஞ்சா, பின்பக்கம் பென்சில்ல எழுதி வெச்சிடுங்க.