அப்பச்சோடாவும் அலுமினிய அச்சமும்



அப்பத்துக்கு மாக் கரைக்கும் வீடுகளில் அப்பச்சோடா இல்லாத அடுக்களையைக் காண்பது அரிது. அவ்வெண்பொடியில் அலுமினியம் கலந்திருக்குமோ என்னும் ஐயம் பலருக்கு உண்டு. விடை சுருக்கமானது: அதில் அலுமினியம் இல்லை. ஆயினும், இல்லாத ஒன்றைக் குறித்து இத்துணை அச்சம் எழுந்தது எவ்வாறு என்பது ஆராயத்தக்க வரலாறு ஆகும்.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். அப்பச்சோடாவை இரசாயன நூலார் சோடியம் இருகாபனேற்று என்பர். சோடியம், ஐதரசன், காபன், ஒட்சிசன் என்னும் நான்கு மூலகங்களே அதில் உள்ளன. பெல்ஜிய நாட்டு எர்ணஸ்ட் சொல்வே 1861ஆம் ஆண்டில் உரிமை பெற்ற முறையின்படி, உப்பு நீர், அமோனியா, சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுப் பெறும் காபனீரொட்சைட்டு ஆகியவற்றைக் கொண்டு இதனைச் செய்யலாம். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் நிலத்தினின்று அகழ்ந்தெடுக்கப்படும் திரோனா என்னும் கனிமத்திலிருந்தும் இது பெறப்படுகின்றது. இரு வழியிலும் அலுமினியம் ஒரு மூலப்பொருள் அன்று.

அங்ஙனமாயின் அலுமினியம் எங்கே நுழைந்தது? அப்பச்சோடா மாவினை நன்கு பொங்கச் செய்ய வேண்டுமாயின் அதற்கொரு புளிப்புத் துணை வேண்டும். புளித்த அப்பமாவில் அப்புளிப்பு இயல்பாகவே உண்டு. புளிக்காத கேக் மாவில் அது இல்லை. ஆதலின் சோடாவுடன் உலர்ந்த புளிப்புப் பொருளொன்றையும், ஈரம் பற்றாதிருக்கச் சிறிது மாப்பொருளையும் கலந்து விற்கலாயினர். அதுவே பேக்கிங் பவுடர். அப்பச்சோடா தனிப்பொருள், பேக்கிங் பவுடரோ கலவை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையே குழப்பத்தின் வேர்.

சேர்க்கும் புளிப்புப் பொருள் மூவகைப்பட்டது. திராட்சை மதுப் பீப்பாய்களின் உட்புறத்தே படியும் தாத்தார் உப்பு ஒன்று. அமெரிக்க இரசாயன அறிஞர் ஏபன் ஹோர்ஸ்போர்ட் 1856ஆம் ஆண்டில் உரிமை பெற்ற பொசுபேற்று உப்பு மற்றொன்று. மூன்றாவது, படிகார இனத்தைச் சேர்ந்த சோடியம் அலுமினியம் சல்பேற்று. அலுமினியம் நுழைந்த வாயில் இதுவே. தாத்தார் உப்பு ஐரோப்பாவிலிருந்து வரவேண்டியது, விலை மிக்கது. படிகாரமோ மலிவானது. ஆகவே 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் படிகாரப் பவுடர்கள் அமெரிக்கச் சந்தையில் பெருகின.

தாத்தார் வகைப் பவுடரில் முதன்மை பெற்றிருந்த றோயல் கம்பனி இப்போட்டியைப் பொறுக்கவில்லை. படிகாரம் நஞ்சு என்று பத்திரிகைகள் வாயிலாகப் பெரும் பிரசாரம் நடத்திற்று. 1899ஆம் ஆண்டில் மிசூரி மாநிலச் சட்டசபை படிகாரம் சேர்ந்த பேக்கிங் பவுடரைத் தடைசெய்யும் சட்டமொன்றை நிறைவேற்றியது. மக்கள் நலம் காக்கும் தூய உணவுச் சட்டமாகவே அது தோன்றியது. மலிவான பவுடர் செய்தோரின் வணிகம் அம்மாநிலத்தில் முடங்கியது.

திரைக்குப் பின்னே நிகழ்ந்ததை வெளிக்கொணர்ந்தவர் சென் லூயிஸ் நகர அரசவழக்கறிஞர் ஜோசப் போக் ஆவார். அச்சட்டம் நீக்கப்படாது காக்கும்பொருட்டு மேற்சபை உறுப்பினருக்குக் கையூட்டு வழங்கப்பட்டதென அவரது விசாரணையில் தெரியவந்தது. அப்பணத்தைப் பகிர்ந்தளித்ததை மாநிலத் துணை ஆளுநர் ஜோன் லீ ஒப்புக்கொண்டு, 1903ஆம் ஆண்டில் பதவி துறந்தார். றோயல் கம்பனியின் முன்னணியாளராயிருந்த வில்லியம் சீக்லர் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவரை மிசூரிக்கு அனுப்ப நியூயோர்க் மாநிலம் மறுத்துவிட்டது. வழக்கு விசாரிக்கப்படுமுன் 1905ஆம் ஆண்டில் அவர் காலமானார். அதே ஆண்டில் சட்டமும் நீக்கப்பட்டது. வழக்குத் தொடுத்த போக், 1904ஆம் ஆண்டுத் தேர்தலில் மாநில ஆளுநராகத் தெரிவுசெய்யப்பட்டார்.

விஞ்ஞானத்தின் தீர்ப்பு பின்னரே வந்தது. அறிஞர் ஐரா ரெம்சன் தலைமையிலான குழு மனிதரைக்கொண்டு சோதனை நடத்தி, படிகாரப் பவுடர் ஏனைய பவுடர்களைவிடக் கூடிய தீங்கு விளைப்பதன்று என 1914ஆம் ஆண்டில் அறிவித்தது. எனினும் அளவோடு உண்ணுதல் நன்றென்றும் கூறிற்று. அவ்வறிவுரை இன்றும் பொருந்தும். உணவுச் சேர்க்கைப் பொருள்களை ஆராயும் சர்வதேச நிபுணர் குழு, ஒருவர் தமது உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் வாரமொன்றுக்கு 2 மில்லிகிராம் அலுமினியம்வரை ஏற்கலாமென 2011ஆம் ஆண்டில் வரையறுத்தது. சிறுநீரகம் பழுதுற்றோருடலில் அது தங்கிவிடுமாதலால், அன்னோர் வைத்தியரின் ஆலோசனைப்படி நடத்தல் வேண்டும்.

பேக்கிங் பவுடர் வாங்குவோர் பொதியின்மேல் அச்சிட்டுள்ள சேர்மானங்களைப் படித்தல் நலம். அலுமினியம் என்ற சொல் அங்கிருந்தால் இருக்கின்றது. தாத்தார் உப்போ கல்சியம் பொசுபேற்றோ மட்டும் புளிப்புப் பொருளாயிருப்பின் அலுமினியம் சேர்க்கப்படவில்லை. அப்பச்சோடா வாங்குவோருக்கோ இக்கவலை வேண்டியதில்லை.

உணவைப் பற்றி எழும் எச்சரிக்கை யாவும் பொய்யல்ல, யாவும் மெய்யுமல்ல. குறிக்கப்படும் பொருள் எது, அதன் அளவு என்ன, அச்சத்தினால் ஆதாயம் பெறுவோர் யாவர் என்னும் மூன்று வினாக்களை மிசூரி மக்கள் தொடக்கத்திலேயே எழுப்பியிருந்தால், பொதுநலத்தின் பெயரால் ஆறாண்டுக் காலம் ஒரு தனிநலம் ஆட்சி செய்திராது. அவ்வினாக்களை எழுப்பும் பழக்கம் நம் வீடுகளிலும் வளர்வதாக.