மேனிஃபோல்ட் மாற்றினால் புல்லிங் கூடுமா? - கொஞ்சம் சரித்திரம்

ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளிப் பக்கம் குடியிருக்கும் நம் ஊர்க்காரர்கள் பலர் வீட்டு வாசலில் ஒரு பழைய பெட்ரோல் கார் நிற்கும். அப்பா ஊரில் ஓட்டிய எஸ்டீமோ ஜென்னோ, இங்கே கொண்டு வந்து, வரி கட்டி, கே.ஏ. நம்பர் வாங்கியதாக இருக்கும். பையனுக்கு வேலை கிடைத்து இரண்டு மாதச் சம்பளம் வந்ததும் அவன் கண் அந்தக் காரின் பானெட் மேல் விழும். "டர்போ எல்லாம் வேணாம்ப்பா, இன்டேக் மேனிஃபோல்டை மட்டும் மாத்தினா போதும், வண்டி பறக்கும்" என்பான். அப்பாவுக்கு அது எந்த பாகம் என்று தெரியாது. அம்மா, எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்பார்.

அந்த மூன்று பேருக்காகவும்தான் இந்தப் பதிவு. இந்த ஆசை புதிதில்லை. அறுபது எழுபது வருஷக் கதை இது. அதில் முக்கியமான பகுதி சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும், பிறகு கோயம்புத்தூரிலும் நடந்தது.

முதலில் பாகம் எது என்று பார்த்துவிடுவோம். டர்போ இல்லாத எஞ்சினுக்குள் காற்றை யாரும் தள்ளுவதில்லை. பிஸ்டன் கீழே இறங்கும்போது அதுவே உறிஞ்சிக் கொள்ள வேண்டும். ஏர் ஃபில்டர் வழியாக வரும் காற்றை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொண்டு போகும் குழாய்க் கூட்டம்தான் இன்டேக் மேனிஃபோல்ட். கை விரல்கள் மாதிரி பிரிந்து நிற்கும். மூக்கு அடைத்திருக்கும்போது ஓடிப் பாருங்கள், கால் எவ்வளவு பலமாக இருந்தாலும் ஓட முடியாது. எஞ்சினும் அப்படித்தான்.

இதற்கு நமக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அம்பாசிடர். 1950களின் கடைசியில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அந்தக் காரில் பி.எம்.சி. கம்பெனியின் 1489 சி.சி. எஞ்சினை வைத்தது. ஒரே ஒரு கார்புரேட்டர், சுமார் 50 முதல் 55 குதிரை சக்தி. அதே 1489 சி.சி. எஞ்சின் குடும்பம்தான் 1955இல் இங்கிலாந்தில் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் இருந்தது. அங்கே அது 68 குதிரை சக்தி தந்தது. சீக்கிரமே 72 ஆக உயர்ந்தது. மேனிஃபோல்டை மாற்றி இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர் வைத்தார்கள். கம்ப்ரெஷனையும் கூட்டினார்கள். நம் தாத்தாக்கள் கல்யாணத்துக்கும் திருப்பதிக்கும் போன காருக்குள் இருந்தது ஸ்போர்ட்ஸ் காரின் ஒன்றுவிட்ட தம்பி!

ஆனால் அந்த எஞ்சினுக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஹெட்டில் காற்று நுழைய இரண்டே துளைகள். ஒன்றாவதும் இரண்டாவதும் ஒரு துளையைப் பகிர்ந்து கொள்ளும், மூன்றாவதும் நான்காவதும் இன்னொன்றை. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2 என்பதால் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் அடுத்தடுத்து உறிஞ்சும். ஓர் இளநீரில் ஒரே ஸ்ட்ராவைப் போட்டு இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்த கதைதான். வெளியே எவ்வளவு அழகான மேனிஃபோல்டை மாட்டினாலும் ஹெட்டுக்குள் இருக்கும் இந்தச் சண்டை தீராது. மேனிஃபோல்ட் மாற்ற நினைப்பவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடம் இது. சங்கிலியில் ஒரு கண்ணியை மட்டும் தடிமனாக்கிப் பயனில்லை.

சென்னையிலேயே இன்னோர் உதாரணம் உண்டு. ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி 1960களில் தயாரித்த ஹெரால்டு. அதில் இருந்தது 948 சி.சி. எஞ்சின். இங்கிலாந்தில் அந்தக் காரின் சாதா மாடல் ஒற்றை கார்புரேட்டரோடு 40 குதிரை சக்திக்குக் கீழேதான் இருந்தது. இரட்டை கார்புரேட்டர் வைத்த கூபே மாடல் 45ஐ ஒட்டி வந்தது. ஒரே எஞ்சின், மூச்சு விடும் விதம்தான் பெரிய வித்தியாசம்.

சரி, சோழவரத்துக்கு வருவோம். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் சும்மா கிடந்தது. அதில் வருஷா வருஷம் பந்தயம் நடத்தினார்கள். பணம் இருந்தவர்கள் வெளிநாட்டுப் பந்தயக் கார் கொண்டு வந்தார்கள். மற்றவர்களிடம் இருந்தது அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு, இந்த மூன்றுதான். அது லைசென்ஸ் ராஜ்ஜியக் காலம். புது எஞ்சின் இறக்குமதி செய்வதை நினைத்தே பார்க்க முடியாது. ஆகவே இருக்கிற எஞ்சினையே தேற்ற வேண்டும். ஹெட்டைத் தேய்த்து கம்ப்ரெஷனைக் கூட்டுவது, கேம்ஷாஃப்டை வேறு மாதிரி அரைப்பது, கார்புரேட்டரையும் மேனிஃபோல்டையும் மாற்றுவது. கடையில் வாங்க முடியாததைப் பட்டறையில் செய்தார்கள்.

ஒரு மேனிஃபோல்டைக் கையால் செய்வது எப்படி என்று தெரிந்தால் அந்த உழைப்பு புரியும். கேஸ்கெட்டை அச்சாக வைத்துத் தடித்த தகட்டில் துளை வெட்ட வேண்டும். குழாய்களை ஒரே நீளத்துக்கு அறுத்து, வளைத்து, தகட்டோடு வெல்டிங் செய்ய வேண்டும். சூட்டில் தகடு கோணிக்கொள்ளும், அதை மறுபடி மட்டமாக்க வேண்டும். ஹெட்டின் துளையும் குழாயின் வாயும் ஒரு மில்லி மீட்டர் விலகினாலும் காற்று இடறும். ஒரு மயிரிழை இடைவெளி விட்டாலும் அங்கே திருட்டுக் காற்று புகுந்து ஐடிலிங் நிற்காது, நாளாவட்டத்தில் வால்வு கருகும்.

இவ்வளவு செய்து கிடைத்தது என்ன? இங்கேதான் பலருக்குத் தெரியாத விஷயம் இருக்கிறது. குழாய்க்குள் காற்று சும்மா ஓடுவதில்லை, அலையாக ஓடுகிறது. வால்வு திறந்து பிஸ்டன் உறிஞ்சும்போது ஓர் அலை குழாயில் மேலே போகும், திறந்த முனையில் திரும்பி, அழுத்த அலையாகக் கீழே வரும். வால்வு மூடுவதற்குச் சற்று முன் அது வந்து சேர்ந்தால் கொஞ்சம் கூடுதல் காற்றை உள்ளே தள்ளிவிட்டுப் போகும். காசில்லாத டர்போ! ஆனால் அலையின் வேகம் ஏறக்குறைய ஒலியின் வேகம், அதை நாம் மாற்ற முடியாது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது வால்வு அதிக நேரம் திறந்திருக்கும், அப்போது நீளக் குழாய் பொருந்தும். வேகமாகச் சுற்றும்போது நேரம் குறைவு, குட்டைக் குழாய் பொருந்தும். இரண்டுக்கும் ஒரே குழாய் பொருந்தாது.

இதை அச்சடித்த மாதிரி காட்டியது அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி. 1960இல் வந்த 300எஃப் காரில் சுமார் 76 சென்டி மீட்டர் நீளக் குழாய்கள் வைத்தார்கள். 375 குதிரை சக்தி, அதிகபட்ச டார்க் 2800 ஆர்.பி.எம்.மிலேயே கிடைத்தது. பந்தயக்காரர்களுக்கு இன்னொரு மேனிஃபோல்டும் கொடுத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அதே போல இருக்கும், உள்ளே தடுப்புச் சுவரை எடுத்துவிட்டு வேலை செய்யும் நீளத்தைப் பாதியாக்கி இருந்தார்கள். சக்தி 400 ஆனது. ஆனால் டார்க் 495இலிருந்து 465 பவுண்டு-அடியாகக் குறைந்தது, அதுவும் 3600 ஆர்.பி.எம்.முக்குப் போனால்தான் கிடைத்தது. மேலே 25 குதிரை வாங்கிக்கொண்டு கீழே இழுவையைக் கொடுத்துவிட்டார்கள்.

நம் மெக்கானிக்குகள் பிக்கப், புல்லிங் என்று சொல்வதெல்லாம் இந்தக் கீழ்ப்பக்க டார்க்தான். சோழவரத்தில் அது குறைந்தாலும் பரவாயில்லை. விமானம் ஏறி இறங்கக் கட்டிய நேர்கோட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே போகலாம். கர்நாடகத்தில் 1970களில் தொடங்கிய கே-1000 ராலி மாதிரி மண் ரோட்டுப் போட்டியில் கதை தலைகீழ். வளைவுக்கு வளைவு வேகம் குறைத்து மறுபடி இழுக்க வேண்டும், அங்கே கீழ்ப்பக்க இழுவை இல்லாத எஞ்சின் தவித்துவிடும்.

இந்த வித்தையில் ஊறிய கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இதன் இன்னொரு பக்கத்தையும் பார்த்தார். எஸ். கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்தவர், பந்தய வீரர், தானே கார் கட்டத் தெரிந்தவர். யாரிடம் நல்ல பாகம் இருக்கிறதோ அவர்தான் ஜெயிப்பார் என்றால், பணமில்லாத பையன் என்றைக்கும் பின்னால்தான் நிற்பான். 1988இல் அவர் கொண்டு வந்த ஃபார்முலா மாருதியில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், மாருதி 800இன் 796 சி.சி. எஞ்சின். யார் ஓட்டுகிறார்கள் என்பதே வித்தியாசம். 1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் வந்தது. அங்கே ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை, 1995இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் பந்தயத் தடத்துக்கு அவர் பெயர்தான்.

இனி பொம்மனஹள்ளிப் பையனுக்கு. உன் கார் ஓடப்போவது சில்க் போர்டு சிக்னலில். அங்கே 1500, 2000 ஆர்.பி.எம்.மைத் தாண்டவே மாட்டாய். பந்தய மேனிஃபோல்ட் தரும் லாபம் 5000க்கு மேலே, நஷ்டம் தினமும் நீ இருக்கும் இடத்தில். எம்.பி.எஃப்.ஐ. எஞ்சினில் இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் எவ்வளவு விட வேண்டும் என்று தீர்மானிக்கும் ஈ.சி.யூ. பழைய மேனிஃபோல்டுக்குக் கணக்குப் போட்டு வைத்தது. குழாயை மாற்றினால் கணக்கையும் மாற்ற வேண்டும், அதற்குத் தனிச் செலவு. கம்பெனிக்காரர்கள் மேனிஃபோல்டின் நீளத்தை ஊர் ரோட்டுக்கென்றே கணக்கிட்டிருக்கிறார்கள். பல கார்களில் உள்ளே ஒரு மடிப்புக் கதவு வைத்து, மெதுவாகப் போகும்போது நீளக் குழாய், வேகத்தில் குட்டைக் குழாய் என்று இரண்டையுமே தருகிறார்கள்.

சட்டமும் இருக்கிறது. கம்பெனி கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் பானெட்டைத் திறந்து பார்த்துக் கேள்வி கேட்க இது போதும்.

அதற்காக ஆசையைக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லவில்லை. இந்த வித்தைக்கு இடம் பந்தயத் தடம். கோயம்புத்தூரும் ஸ்ரீபெரும்புதூரும் இங்கிருந்து ஒரு நாள் பயணம்தான். அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை: வெறும் "வேண்டாம்" என்று சொன்னால் அவன் உங்களுக்குத் தெரியாமல் மாட்டிக்கொண்டு வருவான். ஒரு சனி ஞாயிறில் பந்தயம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பணத்தில் காருக்குப் புது ஏர் ஃபில்டர், பிளக், நல்ல டயர் நாலு போடுங்கள். வாங்கியபோது இருந்த புல்லிங் ஓரளவு திரும்ப வரும், மழையில் பிரேக்கும் பிடிக்கும்.