ஆளுயர கேம் பெட்டிக்கு மறுஉயிர்... வீட்டுக்குள்ளேயே ஒரு ஆர்கேட் ஒர்க்‌ஷாப்!

'முஸ்தபா' கேம் தெரியுமா? 90-களில் தெருமுனை வீடியோ கேம் கடையில் பாக்கெட் மணியைக் கரைத்த அண்ணன்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், முகமே மாறிடும். அதோட நிஜப் பெயர் 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-ல் வெளியிட்டது. அதில் வரும் ஒரு ஹீரோவின் பெயர் முஸ்தபா. நம்ம பசங்க கேமுக்கே அந்தப் பேரை வெச்சுட்டாங்க.

இன்னைக்கு அதை மொபைலில் எமுலேட்டர் போட்டு ஆடிடலாம். ஆனா, அந்தக் காலத்து மெஷினையே தேடிப்பிடித்து வாங்கி, வீட்டில் வைத்து மாசக்கணக்கில் ரிப்பேர் பார்ப்பவர்களும் உலகம் முழுக்க இருக்கிறார்கள். குறிப்பாக அமெரிக்காவில் இது பெரிய ஹாபி.

அங்கே 1972-ல் அட்டாரியின் 'பாங்' தொடங்கி வைத்ததை, ஜப்பானிலிருந்து வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' (1978), 'பேக்-மேன்' (1980) எல்லாம் பித்தாகவே மாற்றின. பீட்சா கடை, பார் என எங்கே பார்த்தாலும் மெஷின். பெரும்பாலும் அது கடைக்காரருக்குச் சொந்தமில்லை. ஆபரேட்டர் ஒருவர் கொண்டுவந்து வைப்பார், விழுகிற காசில் ரெண்டு பேருக்கும் பங்கு. வீட்டிலேயே நல்ல கேம் கன்சோல்கள் வந்ததும் வசூல் படுத்துவிட்டது. மெஷின்கள் குடோனுக்குப் போயின, அங்கிருந்து ஏலத்துக்கு. இப்போ கலெக்டர்கள் வாங்குவது பெரும்பாலும் அந்தச் சரக்கைத்தான்.

பிளக்கைச் சொருகாதீங்க!

ஒரு மெஷின் நூறு கிலோவைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். வாங்கும் முன் வீட்டு வாசல் அகலத்தை அளப்பது முதல் வேலை. அடுத்தது, பெட்டியின் அடிப்பாகத்தைத் தடவிப் பார்ப்பது. நிறைய பெட்டிகள் மரத்தூளை அழுத்திச் செய்த பலகைதான். ஈரம் பட்டால் ஊறி, பிஸ்கட் மாதிரி உதிரும்.

வீட்டுக்கு வந்ததும் ஆசையில் உடனே பிளக்கைச் சொருகுவதுதான் பெரிய ஆபத்து. முதலில் பின்கதவைத் திறந்து எலி கடித்த ஒயர், கருகின கனெக்டர், யாரோ மாற்றிப் போட்ட ஃபியூஸ் இதெல்லாம் இருக்கா எனப் பார்க்க வேண்டும். அப்புறம் கேம் போர்டைக் கழற்றி வைத்துவிட்டு, பவர் சப்ளையை மட்டும் மல்டிமீட்டரில் அளப்பார்கள். பொதுவாக சிப்களுக்குத் தேவை 5 வோல்ட். அது எக்கச்சக்கமாக ஏறியிருந்தால், 40 வருஷம் பிழைத்திருந்த சிப் ஒரே நொடியில் காலி.

ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு வியாதி உண்டு. 'பேக்-மேன்' போர்டுக்கு ஏசி மின்சாரமே நேராகப் போகும், போர்டில்தான் அது டிசியாக மாறும். அதனால் கனெக்டர் சூடாகிக் கருகுவது சகஜம். 'டிஃபெண்டர்' போர்டில், ஸ்கோரைச் சேமிக்க மூன்று பென்சில் பேட்டரிகள் உண்டு. கவனிக்காமல் விட்டால் அவை கசிந்து, செம்புத்தடங்களை அரித்துவிடும்.

இன்னும் கொடுமை, 1993-ல் கேப்காம் கொண்டுவந்த சிபிஎஸ்-2 போர்டு. கேமைத் திறக்கும் ரகசியக் குறியீடே பேட்டரியின் தயவில்தான் இருந்தது. பேட்டரி செத்தால் கேமும் செத்தது. கலெக்டர்கள் இதுக்கு வெச்ச பெயர், 'தற்கொலை பேட்டரி'. போர்டில் எதையும் நிரந்தரமாக மாற்றாமலே அந்தக் குறியீட்டைத் திரும்ப ஏற்றும் வழியை 2016-ல் ஆர்வலர்களே கண்டுபிடித்து எல்லோருக்கும் கொடுத்தார்கள். செத்த போர்டுகள் அப்படித்தான் மறுபடி ஓடின.

பிக்சர் ட்யூபில் கைவைக்கும் முன்...

திரை மங்கலாகவோ, வளைந்தோ தெரிந்தால் பெரும்பாலும் காய்ந்துபோன கெப்பாசிட்டர்தான் காரணம். நம்ம ஊர் மெக்கானிக் பாஷையில் கண்டென்சர். குறிப்பிட்ட மானிட்டருக்குத் தேவையானவை மொத்தமும் ஒரே பாக்கெட்டாகக் கிடைக்கும். பழசைக் கழற்றி, புதுசை சால்டர் பண்ணினால் படம் பளிச்.

சொல்ல ஈஸியாத்தான் இருக்கு. ஆனால் கலர் பிக்சர் ட்யூபில் 20,000 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உள்ளேயே தங்கியிருக்கலாம். அதை முறைப்படி வெளியேற்றிய பிறகுதான் தொட வேண்டும். வீடியோ பார்த்து முயற்சி பண்ணுகிற வேலை இல்லை பாஸ், பழைய டிவி மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். அமெரிக்க மெஷின் 120 வோல்ட்டுக்கானது என்பதால், இங்கே ஓட்ட ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

எல்சிடி போட்டா என்ன?

கலெக்டர்கள் நடுவே ஓயாத சண்டை இது. 1997-ல் வெளியான 'மேம்' என்ற எமுலேட்டர் வந்ததும், பலர் உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஒரு கம்ப்யூட்டரையும் எல்சிடி திரையையும் வைத்தார்கள். ஆயிரக்கணக்கான கேம் ஒரே பெட்டியில். லாபம்தானே?

'ஆஸ்டிராய்ட்ஸ்' (1979) மெஷினைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோணாது. அதில் படம் புள்ளி புள்ளியாக வராது, எலெக்ட்ரான் கதிரே கோடுகளை வரையும். குண்டு பாயும்போது இருட்டில் ஒரு தீப்பொறி மாதிரி ஜொலிக்கும். எல்சிடி-யில் அந்த ஜொலிப்பு வரவே வராது.

பெட்டியிலும் கதை இருக்கு. 'ரேடார் ஸ்கோப்' என்ற கேமை நின்டெண்டோ அமெரிக்காவுக்கு அனுப்ப, சுமார் 2,000 மெஷின்கள் விற்காமல் தேங்கின. அவற்றை மாற்றியமைத்து 1981-ல் வந்ததுதான் 'டாங்கி காங்'. ஆரம்பகாலப் பெட்டிகள் சிவப்பு, பின்னால் வந்தவை நீலம். விஷயம் தெரியாமல் ஒரு சிவப்புப் பெட்டிக்கு நீலப் பெயின்ட் அடித்தால், அந்தச் சரித்திரமே போச்சு.

என் கட்சி இதுதான்: ஓடுகிற, அல்லது ஓடவைக்க முடிகிற மெஷினைக் கிழித்து கம்ப்யூட்டர் வைப்பது அநியாயம். ஏற்கெனவே காலியான கூடா? தாராளமாக எல்சிடி போடுங்க. பிக்சர் ட்யூப் தொழிற்சாலைகள் மூடப்பட்டுவிட்டதால், நல்ல ட்யூப் இருக்கிற மெஷினுக்கு விட்டுக்கொடுப்பதும் ஒரு புண்ணியம்தான்.

புதுசா இறங்குகிறவர்களுக்கு 'ஜாமா' வகை மெஷின் நல்லது. 80-களின் நடுவில் வந்த ஜப்பானியத் தரநிலை அது. 56 முனை கொண்ட ஒரே கனெக்டர். ஒரு போர்டைக் கழற்றி இன்னொன்றைச் சொருகினால் கேம் மாறிடும், பெட்டியில் கைவைக்கவே வேண்டாம். வாங்கும் முன் ஆடிப் பார்க்கணும்னா, அமெரிக்கா போகிறவர்கள் நியூ ஹாம்ப்‌ஷயர் மாகாணத்தின் லக்கோனியாவில் உள்ள 'ஃபன்ஸ்பாட்'டை விடாதீங்க. அங்கிருக்கும் மியூசியத்தில் பழைய மெஷின்களை வேடிக்கை மட்டுமல்ல, காசு போட்டு ஆடவும் செய்யலாம்.