ஊரார் காத்த வானாராய்ச்சி நிலையம்

நம் நாட்டுப் பழங்கோயில்களின் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் ஒன்றைக் கண்டிருப்பீர்கள். கோயிலை எடுப்பித்த மன்னனின் பெயர் அங்கே இருக்கும். நந்தா விளக்கு எரிப்பதற்கென ஆடுகளை அளித்த எளிய குடிமகனின் பெயரும் இருக்கும். கட்டுவது ஒரு செயல், காப்பது வேறொரு செயல் என்பதை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர். விஞ்ஞானக் கூடங்களின் வரலாற்றிலோ கட்டியவர்களைப் பற்றியே மிகுதியாகப் பேசுகிறோம். இன்று நான் கூற விரும்புவது காத்தவர்களின் கதை.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், சிகாகோ நகரிலிருந்து ஏறத்தாழ 80 மைல் தொலைவில், ஜெனீவா ஏரிக் கரையில் வில்லியம்ஸ் பே என்னும் சிற்றூர் இருக்கிறது. 1897-ஆம் ஆண்டில் சிகாகோப் பல்கலைக் கழகம் அங்கே யெர்க்கீஸ் வானாராய்ச்சி நிலையத்தைத் திறந்தது. முன்னின்று முயன்றவர் ஜார்ஜ் எல்லெரி ஹேல் என்னும் இளம் விஞ்ஞானி. பொருள் வழங்கியவர், டிராம் வண்டித் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டிய சார்லஸ் யெர்க்கீஸ். அங்கு நிறுவப்பெற்ற தொலைநோக்கியின் கண்ணாடி வில்லை 40 அங்குலக் குறுக்களவுடையது. வான ஆராய்ச்சியில் வெற்றியுடன் பயன்பட்ட வில்லைத் தொலைநோக்கிகளுள் இதனினும் பெரியது இல்லை. காண்பவர் அதன் முனையை எட்டும் பொருட்டு, 75 அடி அகலமுள்ள தளமே மேலும் கீழும் இயங்குமாறு அமைத்தனர்.

தமிழ் மாணவர்களாகிய உங்களுக்கு அந்நிலையத்தோடு ஓர் உறவு உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937-இல் அங்குச் சேர்ந்தார்; கால் நூற்றாண்டுக்கும் மேலாக அவ்வூரிலேயே வாழ்ந்தார். இரண்டே மாணவர்களுக்குப் பாடம் சொல்ல அவர் சிகாகோவுக்குக் காரில் சென்று வந்தார் என்றும், அவ்விருவரே 1957-இல் நோபெல் பரிசு பெற்ற லீயும் யாங்கும் என்றும் கூறுவர். சந்திரசேகருக்கு அப்பரிசு 1983-இல் கிடைத்தது.

இத்துணைப் புகழ் பெற்ற நிலையம் ஏன் நலிவுற்றது? வில்லையை அதன் விளிம்பில் மட்டுமே தாங்க முடியும். அளவு பெருகினால் தன் எடையாலேயே அது வளையும். ஒளியும் கண்ணாடியை ஊடுருவும்போது ஓரளவு குறைகிறது. பிம்பத்தைத் திருப்பும் ஆடியையோ பின்புறம் முழுவதும் தாங்கலாம். இதனை உணர்ந்த ஹேலே பின்னர்க் கலிபோர்னியாவின் வில்சன் மலையில் ஆடித் தொலைநோக்கிகளை நிறுவினார். அவற்றுள் 1917-இல் முடிவுற்றது 100 அங்குலம் உடையது. ஆராய்ச்சியின் மையம் மேற்கு மலைகளை நாடிச் சென்றது. யெர்க்கீஸ் மெல்ல மெல்லப் பள்ளிச் சிறுவரும் பொதுமக்களும் வந்து வானத்தைக் காணும் இடமாயிற்று.

2006-ஆம் ஆண்டில், நிலையத்தைச் சூழ்ந்த நிலத்தை ஒரு நிறுவனத்துக்கு விற்கப் பல்கலைக் கழகம் திட்டமிட்டது. அங்கே உல்லாச விடுதியும் வீடுகளும் எழும் என்ற செய்தி கேட்டு ஊரார் கொதித்தெழுந்தனர். மரங்கள் அழியும், இரவின் இருள் கெடும் என்று வாதாடினர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் உண்மையான சோதனை அதன் பின்னரே வந்தது. 2018 மார்ச்சில், அவ்வாண்டு அக்டோபர் முதல் நாளோடு அங்குத் தன் பணிகளை முடித்துக்கொள்வதாகப் பல்கலைக் கழகம் அறிவித்தது. முன்னர் எதிர்ப்பதற்கு ஒரு திட்டம் இருந்தது. இப்பொழுது எதிர்ப்பதற்கு எதுவுமில்லை. ஒழுகும் கூரையையும் பழுதுற்ற இயந்திரங்களையும் யார் பொறுப்பேற்பது என்ற கேள்வியே எஞ்சியது. ஏரிக்கரை மக்கள் சிலர் கூடி, யெர்க்கீஸ் எதிர்கால அறக்கட்டளை என்ற அமைப்பை நிறுவினர். மாதக்கணக்கில் பல்கலைக் கழகத்தோடு பேசினர், நன்கொடை திரட்டினர். அங்குப் பணியாற்றிய கல்விப் பணியாளர் சிலர் தனி அமைப்பொன்றைத் தொடங்கி, மாணவர்க்கு வானியல் கற்பிக்கும் தொண்டு அறுபடாமல் காத்தனர். 2020 மே மாதத்தில் கட்டடமும் தொலைநோக்கியும் ஏறத்தாழ 50 ஏக்கர் நிலமும் அறக்கட்டளையின் கைக்கு வந்தன. பழுது பார்க்கும் வேலை நடந்தபின், 2022 மே மாதத்தில் நிலையம் மீண்டும் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

பல்கலைக் கழகத்தைப் பழிப்பதற்காக இதனைக் கூறவில்லை. ஆராய்ச்சிக்குப் பயன்படாத ஒரு கூடத்துக்கு ஆண்டுதோறும் பெரும்பொருள் செலவிடுவது எந்தக் கல்வி நிலையத்துக்கும் பெருஞ்சுமையே. நான் வற்புறுத்துவது வேறு. புதிய உண்மைகளைக் கண்டறியும் ஆற்றல் ஒரு கருவிக்குக் குறைந்துவிடலாம். சனிக் கோளின் வளையத்தை முதன்முறை காணும் சிறுவனுக்கு அது தரும் வியப்புக் குறைவதில்லை. அந்த வியப்பை ஒருமுறை அடைந்தவர்களே பிற்காலத்தில் அந்நிலையத்துக்கு அரணாக நின்றனர். பூட்டிய கூடமாகவே இருந்திருந்தால், அதன் பொருட்டு எவரும் தம் பணப்பையைத் திறந்திருக்க மாட்டார்.

வேண்டாம் என்று தடுப்பதற்கு ஊர் முழுவதும் திரளும். நாங்கள் நடத்துகிறோம் என்று முன்வருவோர் சிலரே. மாணவர்களே, உங்கள் ஊரிலும் ஒரு நூலகமோ, அருங்காட்சியகமோ, கோளரங்கமோ இருக்கக்கூடும். அது மூடப்படும் என்ற செய்தி வரும் நாள்வரை காத்திராமல், இன்றே அதன் படியேறிச் செல்லுங்கள். ஒரு நிலையத்தைக் காக்கும் வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.