மிருகவதைத் தடைச் சட்டம்: மாநில வேறுபாடுகள்

பிராணிகளை வதைத்தலைத் தடுக்கும் அதிகாரத்தை இந்திய அரசியலமைப்பு மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் பொதுவாக்கி, ஏழாம் அட்டவணையின் பொதுப்பட்டியலில் 17-ஆம் இனமாக வைத்திருப்பதால், 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டம் தேச முழுமைக்கும் உரியதே ஆயினும், குடியரசுத் தலைவரின் சம்மதத்தோடு அதைத் தம் அளவில் திருத்திக்கொள்ள மாநிலங்களுக்கு இடமுண்டு. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விடாது வாதாடியதன் பலனாக விளைந்த அச்சட்டம் இன்று எல்லைக்கு எல்லை மாறி நிற்கிறது.

மாட்டு வண்டிப் பந்தயம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. முதுகுளத்தூர், கமுதி, கடலாடி வட்டாரங்களில் கோயில் திருவிழாவையொட்டித் தார்ச்சாலையில் நடக்கும் மாட்டு வண்டி எல்கைப் பந்தயத்தில், பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு எனத் தரம் பிரித்துப் பூட்டிய ஜோடிகளைச் சாரதி விரட்ட, துணைச் சாரதி குதித்திறங்கிக் கூடவே ஓட, எல்கைக் கொடியைச் சுற்றித் திரும்பும் காளைகளின் வாயில் நுரை தள்ளியிருக்கும். இப்பந்தயத்தையும் ஜல்லிக்கட்டையும் 2014 மே 7-இல் உச்சநீதிமன்றம் ஒருசேரத் தடுத்தது. 2017-இல் தமிழ்நாடு இயற்றிய திருத்தச் சட்டமோ ஜல்லிக்கட்டுக்கு இலக்கணம் வகுக்கையில் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருது விடும் விழா ஆகியவற்றைப் பெயர் சுட்டிச் சேர்த்து, வண்டிப் பந்தயத்தைச் சொல்லாது விட்டது. மராட்டியமும் கர்நாடகமும் அதனைப் பெயர் சொல்லியே அனுமதித்தன. மூன்று சட்டங்களும் செல்லுமென்று 2023 மே 18-இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது.

பலியிடுதலிலும் இவ்வேற்றுமை உண்டு. கோயில்களில் உயிர்ப்பலியை விலக்கிய சென்னை மாகாணத்தின் 1950-ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் ஏட்டளவில் உறங்கி, 2003-இல் கடுமையாகச் செயற்படுத்தப்பட்டு, கிராம மக்களின் மனக்குமுறலால் மறு ஆண்டே நீக்கப்பட்டது. ஆகவே கருப்பணசாமிக்குக் கிடா வெட்டுகிற முதுகுளத்தூர்க் குடியானவர் இன்று குற்றவாளியல்லர். செங்கோட்டை கடந்து ஆரியங்காவில் அதையே செய்வாராயின் 1968-ஆம் ஆண்டுக் கேரளச் சட்டம் குறுக்கே வரும். பசுவிஷயத்திலோ கேரளத்தில் கொலைத்தடைச் சட்டமே இல்லை. குஜராத்தில் பசுக்கொலைக்கு 2017 முதல் ஆயுள் தண்டனை வரை உண்டு.

வேறுபாடுகள் இத்தனை இருந்தும், ஆணி வைத்த தார்க்குச்சியை 1965-ஆம் ஆண்டு மத்திய விதிகள் தேசமெங்கும் ஒருங்கே விலக்கியுள்ளன என்பது ஆறுதலளிப்பது. ஆனால் காளையை அடித்து வதைத்தது மெய்ப்பட்டாலும், மத்தியச் சட்டப்படி முதற்குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மேற்படாமலும் இருந்து வருவது நெஞ்சை வருத்துகிறது; இன்று அத்தொகைக்கு அக்காளைக்கு ஒருவேளைப் பருத்திக்கொட்டைகூட வாங்க இயலாது.