கியூ காய்ச்சல்

கியூ காய்ச்சல் ஆடு, மாடுகளிடமிருந்து மனிதருக்கு வரும் தொற்றுநோய். காக்சியெல்லா பர்னெட்டி என்னும் பாக்டீரியாவால் உண்டாகிறது. கால்நடைகளில் இதே தொற்றைக் காக்சியெல்லோசிஸ் என்பர். விலங்குகளுக்கிடையே இதைப் பரப்புவதில் உண்ணிக்கும் பங்கு உண்டு. மனிதருக்கோ பெரும்பாலும் மூச்சுக்காற்றின் வழியே வருகிறது.

பெயரும் வரலாறும்

1935இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகர இறைச்சிக்கூடத் தொழிலாளர்களுக்குக் காரணம் பிடிபடாத காய்ச்சல் கண்டது. அதை ஆராய்ந்த எட்வர்ட் டெரிக், வினா எனப் பொருள்படும் 'குவெரி' என்ற ஆங்கிலச் சொல்லால் அதைக் குறித்தார். அச்சொல்லின் முதலெழுத்தே கியூ. அவர் அனுப்பிய மாதிரிகளை மெக்ஃபர்லேன் பர்னெட் ஆராய்ந்து கிருமியை இனங்கண்டார். அதே காலத்தில் அமெரிக்காவின் மொன்டானாவில் உண்ணிகளை ஆராய்ந்துகொண்டிருந்த ஹெரால்டு காக்ஸ் குழுவினரும் இதே கிருமியைக் கண்டனர். காக்ஸ், பர்னெட் இருவர் பெயரும் கிருமியின் பெயரில் நிலைத்துவிட்டன.

கால்நடைகளில்

தொற்றிய மாடோ ஆடோ பெரும்பாலும் நோய்க்குறி எதுவும் காட்டாது. வழக்கம்போல் மேயும், பால் தரும். சினைக்காலத்தின் பிற்பகுதியில் கன்றோ குட்டியோ வீசிவிடுவதும், இறந்தோ நலிந்தோ பிறப்பதும்தான் வெளியே தெரியும் அடையாளம். கன்றுவீச்சுக்கு புருசெல்லோசிஸ் உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆகவே ஆய்வகச் சோதனை இல்லாமல் எதையும் உறுதிசெய்ய இயலாது.

கிருமி பால், சாணம், சிறுநீர் ஆகியவற்றில் வெளியேறினாலும், மிகுதியாகச் சேர்வது நஞ்சுக்கொடியில்தான். தொற்றிய ஆட்டின் ஒரு கிராம் நஞ்சுக்கொடியில் நூறு கோடிக் கிருமிகள் வரை இருக்கக்கூடும். உலர்ந்து புழுதியோடு கலந்த பின்னும் அவை மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும். ஒருவருக்கு நோய் வர ஒரு சில கிருமிகளே போதும்.

தமிழக ஊர்களில் மாடு ஈன்றதும் இளங்கொடி எனப்படும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரக் கிளையில் கட்டும் வழக்கம் உண்டு. பால் பெருக வேண்டும் என்ற நம்பிக்கையில் பிறந்த வழக்கம் இது. ஆனால் தொற்றிய மாட்டின் கொடி வெயிலில் காய்ந்து உதிர்ந்தால், கிருமி காற்றில் கலக்க வழி திறக்கிறது.

உண்ணிகளில்

நாற்பதுக்கும் மேற்பட்ட உண்ணி இனங்களில் இக்கிருமி காணப்பட்டுள்ளது. இரத்தம் உறிஞ்சும்போது விலங்கிலிருந்து விலங்குக்கு அதைக் கடத்துவதோடு, தம் எச்சத்திலும் ஏராளமாக வெளியேற்றுகின்றன. தோலிலும் ரோமத்திலும் உலர்ந்த அந்த எச்சம் தூசாகப் பறக்கிறது. உண்ணி கடித்து மனிதருக்கு இந்நோய் வருவது அரிது.

மனிதரில்

தொற்றியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அறிகுறியே இராது. மற்றவர்களுக்கு இரண்டு, மூன்று வாரங்களில் கடுங்காய்ச்சல், தாங்கமுடியாத தலைவலி, உடல்வலி, வியர்வை ஆகியவை தோன்றும். சிலருக்கு நிமோனியாவோ கல்லீரல் அழற்சியோ ஏற்படும். சிறுபான்மையோரிடம் தொற்று நாட்பட்டு நீடித்து, இதய வால்வுகளைத் தாக்கும். வால்வுக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும்.

வழக்கமான இரத்த வளர்ப்புச் சோதனையில் கிருமி வளராது; ரிக்கெட்சியா நோய்களுக்குச் செய்யும் வெயில்-ஃபெலிக்ஸ் சோதனையும் இதைக் காட்டாது. எதிர்ப்பொருள் சோதனையும் பிசிஆர் சோதனையுமே துணை. நாட்படாத நோய்க்கு டாக்சிசைக்ளின் இரண்டு வாரம் தரப்படும். இதய வால்வைத் தாக்கிய நிலையில் அதனுடன் ஹைட்ராக்சிகுளோரோகுயினும் சேர்த்து, குறைந்தது ஒன்றரை ஆண்டு சிகிச்சை தேவைப்படும்.

நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை பால் ஆட்டுப் பண்ணைகளிலிருந்து பரவிய தொற்றில் 4,000க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பண்ணைக்குள் கால்வைக்காத அக்கம்பக்கத்தாரும் அவர்களில் இருந்தனர்.

இந்தியாவிலும் சென்னையின் மேற்கிலும்

இந்தியாவில் இந்நோய்க்கான எதிர்ப்பொருள் சான்று 1950களிலேயே கிடைத்தது. புதுச்சேரியிலும் அதையொட்டிய தமிழகப் பகுதிகளிலும் செம்மறி, வெள்ளாடுகளில் எதிர்ப்பொருள் இருப்பதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் ஆலைகளும் அடுக்குமாடிகளும் நிறைந்த பின்னும் கால்நடைகளை விட்டுவிடவில்லை. மெட்ராஸ் சிவப்பு செம்மறியின் தாயகம் இந்தச் சுற்றுவட்டாரமே. அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில் மாநகராட்சி இறைச்சிக்கூடம் உள்ளது. அம்பத்தூரில் ஆவின் பால்பண்ணை இயங்குகிறது. பூந்தமல்லியில் சுகாதாரப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கும் பொது சுகாதார நிறுவனமும், மாதவரத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் உள்ளன. தொழுவத்துக்கும் குடியிருப்புக்கும் ஒரு சுவரே இடைவெளியாக உள்ள இடங்களில் மனித மருத்துவமும் கால்நடை மருத்துவமும் கைகோத்தே இயங்க வேண்டும்.

தடுப்பு

ஈற்றுக்கு உதவுபவர் கையுறையும் முகக்கவசமும் அணிய வேண்டும். ஈனும் விலங்கின் அருகில் கர்ப்பிணிகள் செல்லக்கூடாது. நஞ்சுக்கொடியையும் வீசிய கருவையும் நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். தொழுவத்தைக் கூட்டும் முன் நீர் தெளித்தால் புழுதி எழாது. உண்ணியை முறையாக ஒழிக்க வேண்டும். பச்சைப்பாலைக் காய்ச்சியே குடிக்க வேண்டும். ஆவின் போன்ற பால்பண்ணைகள் செய்யும் பாஸ்டர் முறையும் இக்கிருமியை அழிக்கும்; 1950களில் அமெரிக்காவில் பாஸ்டர் முறையின் குறைந்த வெப்பநிலை 61.7 டிகிரி செல்சியசிலிருந்து 62.8க்கு உயர்த்தப்பட்டது இக்கிருமியைக் கருதியே.

டெங்குவும் எலிக்காய்ச்சலும் இல்லை என்று தெரிந்த பின்னும் காய்ச்சல் தணியாதவரிடம் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வி எளியது: வீட்டிலோ பக்கத்திலோ ஆடு, மாடு அண்மையில் ஈன்றதா? கேட்காவிட்டாலும் நோயாளி தானே அதைச் சொல்லிவிட வேண்டும்.