கஞ்சித்தொட்டி முதல் சுனாமி முகாம் வரை: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் நிவாரண முகாம்களின் வரலாறு

வங்கக் கடலோரம் வாழும் கடலூர், சிதம்பரம் வட்டார மக்களுக்கு இடம்பெயர்தல் புதிதன்று. தேவனாம்பட்டினத்துப் புனித தாவீது கோட்டையை 1758ஆம் ஆண்டில் பிரஞ்சுத் தளபதி லாலியின் படை கைப்பற்றியபோது, 1740 முதல் கடலூரில் ஊழியம் செய்துவந்த கீர்னாந்தர் ஐயர் தரங்கம்பாடிக்குச் செல்ல நேர்ந்தது. அதற்குப் பின்னரும் பஞ்சமும் புயலும் ஆழிப்பேரலையும் இப்பகுதி மக்களை வீட்டைவிட்டு வெளியேற்றியுள்ளன. அவர்கள் தங்கிய, உணவு பெற்ற முகாம்கள் எவ்வாறு நடைபெற்றன, அவற்றின் குறைகளை யார் கண்டறிந்தனர், திருத்தம் எவ்வழியே வந்தது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம். இது அரசு அலுவலரின் பணியன்றோ எனச் சிலர் வினவலாம். ஆபத்துக் காலத்தில் ஆலயமும் பள்ளியும் முகாமாக மாறிவிடுகின்றன. அன்று அதன் பொறுப்பு ஆயரின் கையில் வந்து சேருகிறது. ஆகவே இவ்வரலாறு நமக்கும் உரியதே.

தாது வருடப் பஞ்சம்

1876இல் பருவமழை பொய்த்தது. மக்கள் ‘தாது வருடப் பஞ்சம்’ என நினைவில் கொண்ட அக்கொடுமை 1878 வரை நீடித்தது. அந்நாளைய தென்னாற்காடு மாவட்டமும் அதன் பிடிக்குத் தப்பவில்லை. உழைக்க வல்லவர்க்கு வேலைமுகாம்களும், இயலாதோர்க்குக் கஞ்சித்தொட்டிகளும் சென்னை மாகாணத்தில் ஏற்படுத்தப்பட்டன.

1877இன் தொடக்கத்தில் வைசிராய் லிட்டன் பிரபு, சர் ரிச்சர்டு டெம்பிள் என்பாரைச் சென்னைக்கு அனுப்பினார். 1874இல் பீகாரில் பஞ்சம் நேர்ந்தபோது அரிசியைத் தருவித்துப் பல உயிர்களைக் காத்தவர் இவரே. ஆயினும் அன்று மிகுதியாகச் செலவு செய்தார் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளானார். சென்னையிலோ சிக்கனமே அவருடைய அளவுகோலாயிற்று. நாள்முழுதும் கடினமாக உழைக்கும் ஆடவனுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதுமென அவர் விதித்தார். பெண்களுக்கும் சிறுவர்க்கும் அதனினும் குறைவு. ஒரு ராத்தல் என்பது ஏறக்குறைய 450 கிராம்.

மாகாணத்தின் சுகாதார ஆணையரான டாக்டர் கார்னிஷ் இதனை வெளிப்படையாக எதிர்த்தார். ஒன்றரை ராத்தல் தானியமும், அதனுடன் பருப்பும் காய்கறியும் இன்றி உழைப்பாளியின் உடல் தாங்காது என்பது அவர் வாதம். டெம்பிள் கருவூலக் கணக்கை நோக்கினார்; கார்னிஷ் மனித உடலை நோக்கினார். ஒரே முகாமை இருவர் இருவேறு அளவுகோல்களால் அளந்தனர் என்பதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். 1877 மார்ச்சில் மாகாண அரசு ஒன்றேகால் ராத்தல் தானியமும் சிறிது பருப்பும் எனப் படியை உயர்த்தியது. அத்திருத்தம் பலருக்குக் காலம் கடந்தே வந்தது. அப்பஞ்சத்தில் மாண்டோர் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் என்பர்.

அதன்பின் ஸ்ட்ரேச்சி தலைமையிலான பஞ்ச விசாரணைக் குழு 1880இல் அறிக்கை அளித்தது. அதன் வழியே பஞ்ச விதித்தொகுப்புகள் உருவாயின. ஆபத்து வருமுன்னரே பட்டியல் எழுதவும், ஒவ்வோர் அலுவலரின் கடமையை வரையறுக்கவும் அவை கற்பித்தன. இது பெரிய முன்னேற்றமே. எனினும் கஞ்சித்தொட்டியின் முன் நின்றவனைக் கேட்டறியும் வழக்கம் அன்று பிறக்கவில்லை. மதிப்பிட்டோர் அனைவரும் மேலிருந்தே மதிப்பிட்டனர்.

ஆழிப்பேரலைக்குப் பின்

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடலூர் மாவட்டத்தில் அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சாமியார்பேட்டை, பிச்சாவரத்தை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டு முதலிய ஊர்கள் பேரிழப்புக்கு உள்ளாயின. பள்ளிகளும் திருமண மண்டபங்களும் வழிபாட்டிடங்களும் திறந்துவிடப்பட்டன. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் அண்டை ஊர்களின் மீனவக் குடும்பங்களுக்கு இடமளித்து உணவிட்டதை நன்றியுடன் குறிப்பிடல் தகும்.

உலக அளவில் 1997இல் தொடங்கப்பட்ட ‘ஸ்ஃபியர்’ திட்டம் முகாம்களுக்குக் குறைந்தபட்ச அளவைகளை வகுத்திருந்தது. ஒருவருக்கு மூன்றரைச் சதுர மீட்டர் தங்குமிடமும், நாளொன்றுக்குப் பதினைந்து லிட்டர் நீரும், இருபது பேருக்கு ஒரு கழிப்பறையும் வேண்டும் என்பன அவற்றுட் சில. 1877இல் தானியத்தை மட்டும் நிறுத்த தராசு, இப்போது இடத்தையும் நீரையும் மானத்தையும் நிறுக்கத் தொடங்கியது எனலாம்.

ஆயினும் அளவைகள் இருந்தும் குறைகள் நிகழ்ந்தன. தமிழகக் கடற்கரையில் பலவிடங்களில் தார்த்தாள்களால் அமைந்த தற்காலிகக் குடியிருப்புகள் வெயிலில் கொதித்தன. 2005ஆம் ஆண்டின் மழையில் நீர் சூழ நின்றன. பெண்கள் குளிக்கவும் உடைமாற்றவும் மறைவிடமின்றி அல்லலுற்றனர். இவற்றினும் ஆழமான குறை பட்டியலில் இருந்தது. நிவாரணம் பெரும்பாலும் மீனவப் பஞ்சாயத்துகளின் வழியே சென்றது. படகும் வலையும் உடையோர் பெயர் எளிதில் ஏறியது. கூலிவேலை செய்த தலித் மக்களும், உப்பங்கழியில் கையால் இறால் பிடித்துப் பிழைத்த இருளர்களும் பல இடங்களில் விடுபட்டனர். பொருள் குறைவினாலன்று, பெயர் இல்லாமையினாலேயே அவர்கள் வெறுங்கையராய் நின்றனர்.

2005இல் இயற்றப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, முகாம்களில் தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், துப்புரவு ஆகியவற்றின் குறைந்தபட்ச அளவைகளை வகுக்கவும், விதவைகளுக்கும் அனாதைகளுக்கும் தனி ஏற்பாடு செய்யவும் பணித்தது. 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறி, முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் சாய்த்தபோது, தோப்புகளில் கூலிக்கு உழைத்தோரின் இழப்பை எந்தப் பட்டியலில் எழுதுவது என்ற பழைய வினா மீண்டும் எழுந்தது.

நாம் கற்கவேண்டியது

எருசலேம் திருச்சபையின் அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் கவனிக்கப்படாமற் போயினர் (அப். 6:1-7). அப்போஸ்தலர் அம்முறுமுறுப்பை அடக்கவில்லை. அதனை உண்மையென ஏற்று, பொறுப்பாளர் எழுவரைச் சபையாரே தெரிந்தெடுக்கச் செய்தனர். அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களாயிருத்தல் நோக்கத்தக்கது. குறை கூறியோர் தரப்பினரே பந்தியின் பொறுப்பை ஏற்றனர் போலும். கார்னிஷ் காலத்திலும் சுனாமிக் காலத்திலும் குறைந்திருந்தது இதுவே.

எனவே கடலோரச் சபைகளில் பணியாற்றும் ஆயர்கள் மூன்று வினாக்களை முன்கூட்டியே எழுப்பிக்கொள்ளல் நலம். நம் ஊரில் எப்பட்டியலிலும் இடம்பெறாதோர் யாவர்? முகாமில் குறைகேட்கும் பொறுப்பு யாரிடம் உள்ளது; அவர்களுள் பெண்களும் ஒதுக்கப்பட்டோரும் உளரா? முகாம் கலைந்தபின் நேர்ந்த தவறுகள் எழுதிவைக்கப்பட்டனவா? நம் பதிவேடுகளில் திருமுழுக்கும் திருமணமும் அடக்கமும் ஒழுங்காகக் குறிக்கப்படுகின்றன. ஆலயத்தில் தஞ்சம் புகுந்தோர் பெயரையும் அவர்தம் முறையீட்டையும் குறிக்க ஒரு பக்கம் ஒதுக்குவோமாயின், அடுத்த புயலில் வெறுங்கையராய் நிற்போர் சிலரேனும் குறைவர்.